கணிப்பொறிக் காப்பும் குடிமக்கள் கடமையும்

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் வடிவம்)

புதுதில்லி ஆர்.கே.புரம், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதியாகும். அதற்கு அண்மையில், அன்சாரி நகரில், நாட்டின் தலைசிறந்த மருத்துவ நிலையமான எய்ம்ஸ் அமைந்துள்ளது. 2022 நவம்பர் 23-ஆம் நாள் அந்நிலையத்தின் கணிப்பொறி அமைப்பு தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நோயாளிகளைப் பதிவு செய்தல், பரிசோதனை முடிவுகளை வழங்குதல், கட்டணம் பெறுதல் ஆகிய பணிகள் யாவும் மீண்டும் கையெழுத்துப் பணிகளாயின. தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்த ஏழை நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றனர். பெரும்பாலான பணிகள் சீரடைய ஏறத்தாழ இரு வாரங்கள் ஆயின.

இரு படிப்பினைகள்

இது குறித்து அரசு நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் திறக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. கணிப்பொறி வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமல் இருந்ததே தாக்குதலுக்கு வழி வகுத்தது. எனினும், பாதிக்கப்படாத மாற்றுச் சர்வர் ஒன்றில் நகல் இருந்தமையால் மருத்துவமனைத் தகவல்கள் மீட்கப்பட்டன.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்திருந்த கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்தது. அணு உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வலையமைப்பிலிருந்து தனித்து இயங்கியதால் அதற்குத் தீங்கு நேரவில்லை. பிரித்து வைத்தலும் நகல் எடுத்து வைத்தலும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

இதில் பொருளாதார உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. கவனக்குறைவாக இருக்கும் ஊழியருக்கு அதனால் நேரும் இழப்பு சிறிது. வரிசையில் நிற்கும் நோயாளிக்கு நேரும் இழப்போ பெரிது. தன் செயலின் விலையைப் பிறர் செலுத்தும் நிலையில், தனிமனிதரின் விருப்பத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது, விதிமுறையும் வேண்டும். எனவேதான், இணையப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென, 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆணையிட்டது. நிகழ்ந்ததை மறைக்கும் அலுவலகம், அடுத்த அலுவலகத்தையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறது.

இல்லத்தில் காப்பு

குடும்பச் சேமிப்புக்கும் இதே காப்பு தேவை. ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் நவம்பர் மாதம் மோசடிக்காரர்களுக்கு உகந்த காலமாகிவிட்டது. சான்றைப் புதுப்பிப்பதாகக் கூறி அவர்கள் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கின்றனர். அவ்வெண் கையொப்பத்திற்கு நிகரானது, எவரிடமும் கூறத்தக்கதன்று. யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணம் செலுத்துவதற்கு மட்டுமே அது தேவை. இவ்வொன்றை நினைவிற் கொண்டாலே பல ஏமாற்றுகளைத் தவிர்க்கலாம்.

காவல்துறை அதிகாரி போல வீடியோ அழைப்பில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டுவோரும் உளர். அத்தகைய கைது எதற்கும் சட்டத்தில் இடமில்லை என்பதைப் பிரதமர் 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் எடுத்துரைத்தார். படித்தவர்களும் உயர் பதவி வகித்தவர்களும் இவ்வலையில் வீழ்வதற்குக் காரணம் அறியாமையன்று, அச்சமே. அழைப்பைத் துண்டித்துவிட்டுக் குடும்பத்தாரிடம் கலந்து பேசுவதே முதற் காப்பு.

ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனியான, நீண்ட கடவுச்சொல். அதனுடன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. மென்பொருளை உடனுக்குடன் புதுப்பித்தல். முக்கியக் கோப்புகளின் நகலைத் தனியே வைத்தல். அறியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறவாதிருத்தல் ஆகிய ஐந்தும் செலவற்ற பழக்கங்கள்.

காலத்தின் அருமை

பணம் பறிபோயின், நாணித் தயங்குதல் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் கைமாறுவதற்கு முன் வங்கிகள் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் நிகழும் மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. தாமே ரகசிய எண்ணை வெளியிட்டவர்களோ, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் எனவும் அவ்விதி கூறியது.

மானியமும் ஓய்வூதியமும் உதவித்தொகையும் இன்று கணிப்பொறி வழியே மக்களைச் சென்றடைகின்றன. அவ்வழியில் மக்களுக்கு நம்பிக்கை குன்றினால் திட்டங்களின் பயனும் குன்றும். அலுவலர் தம் மேசையிலும், மாணவர் தம் இல்லத்து முதியோரிடத்தும் இப்பழக்கங்களை வேரூன்றச் செய்தல் நாட்டு வளர்ச்சிப் பணியின் ஒரு கூறேயாகும்.