பருந்துக்கு வைத்த பெயர்

தோழர்களே, நினைவுரையில் மறைந்தவரைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நாம் ஒரு பருந்தைப் பற்றிப் பேசப்போகிறோம். எந்தப் பெயரையும் விசாரிக்காமல் விடாதவர் அவர், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் சேரியின் மேலே நாளெல்லாம் வட்டமிடுவது, வால் பிளவுபட்ட கரும்பருந்து. கோழிக்குஞ்சைக் காப்பாற்ற நம் ஆயாக்கள் அதைக் கத்தி விரட்டுவார்கள். அவர்களுக்கு அது வெறும் பருந்து. ஆங்கிலத்தில் பறவை நூல் எழுதியவர்களுக்கு அது 'பறையா கைட்'. பறையடித்தவர்களின் பெயர் ஐரோப்பியர் வாயில் ஏறி, ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் மாறித் திரும்பிவந்து, தெருநாயின் மேலும் இந்தப் பருந்தின் மேலும் உட்கார்ந்துகொண்டது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதன் அடையாளமாகச் சொல்வது இரண்டு: ஏராளமாக இருக்கிறது, துடுக்காக இருக்கிறது. நிறையப் பேர் இருப்பதும் பயப்படாமல் இருப்பதும் நம்மீது சொல்லப்படும் பழைய புகார்தானே!

வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாக இன்னொன்று உண்டு. செம்பருந்து. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கும்பாபிஷேகத்தன்று அது வந்து வட்டமிட்டதா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். விஷ்ணுவுக்கு உரியது என்பதால் ஆங்கிலத்தில் அது 'பிராமினி கைட்' ஆயிற்று. அது என்ன தின்கிறது? மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள். செத்த மீன், நண்டு, வீசியெறிந்த குடல். கரும்பருந்தும் அங்கேதான் இறங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1832இல் சைக்ஸ் என்ற படை அதிகாரி நம் பருந்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'கோவிந்தா' என்று வைத்துவிட்டார். விஷ்ணுவின் பெயர் 'பறையா'வுக்குப் போய்ச் சேர்ந்தது! இன்றைக்கும் அதன் துணையினப் பெயர் அதுதான்.

சாலிம் அலி வரைக்கும் 'பறையா கைட்' என்றே எழுதினார்கள். இப்போதைய பட்டியல்களில் அது 'பிளாக் கைட்'. நல்லது. ஆனால் 'பிராமினி கைட்' அப்படியே இருக்கிறது. 'பிராமினி ஸ்டார்லிங்' என்ற மைனாவும் இருக்கிறது. தாழ்த்திய சொல் போய்விட்டது, உயர்த்திய சொல் போகவில்லை. உயர்வு ஒன்று நிற்கும்வரை அதன் கீழே யாரோ இருந்துதானே ஆகவேண்டும்?

நம் பிள்ளைகள் இப்போது பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போகிறார்கள். தமிழில் பறவைக் கையேடு எழுதும் நண்பர்களை அவர்கள் சார்பில் கேட்கிறோம்: கரும்பருந்து, செம்பருந்து என்று நிறத்தைச் சொல்லி எழுதுங்கள். பழைய ஆங்கிலப் பெயர்கள் இரண்டையும் அடியில் குறியுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்.