டெலோக் ஆயரிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வரை

இன்றைக்குச் சிங்கப்பூர். மெரினா பேயும் சாங்கி விமான நிலையமும் இந்த உரையில் வராது. அவற்றைப் பற்றி அலுக்கும் அளவுக்குக் கேட்டிருப்பீர்கள். ஒரு மெதடிஸ்ட் போதகர் என்னை நடத்திக் கூட்டிப்போன வழியைச் சொல்கிறேன்.

மெதடிஸ்ட் சபையில் போதகருக்கு எந்த ஆலயமும் நிரந்தரம் இல்லை. சபை எங்கே அனுப்புகிறதோ அங்கே போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைக் குதிரையில் சுற்றிய ஜான் வெஸ்லி விட்டுப்போன வழக்கம் அது. "இதுவரைக்கும் சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னாலேயே ஆலயம் விட்டு ஆலயம் போயிருக்கேன். ஒரு தடவை நடந்து பார்க்கணும்" என்றார் பாஸ்டர். நகர நடுவிலுள்ள பழைய ஆலயங்களைத் தொட்டுக்கொண்டு ஐந்தாறு கிலோமீட்டர். கிளம்பியது திங்கட்கிழமை. ஞாயிறு அவருக்கு வேலை நாளாயிற்றே. அதனால் பாதி ஆலயங்கள் பூட்டித்தான் கிடந்தன. கேட்டுக்கு வெளியே நின்று சிறிய ஜெபம், பிறகு நடை.

டெலோக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்ட பிறகு இப்போது வங்கிக் கட்டடங்களின் காலடியில் இருக்கிறது. அதன் மூலையில் சீன மெதடிஸ்ட் ஆலயம். கீழே வளைவு வளைவாக முகப்பு, மொட்டை மாடியில் சீன மண்டபம். கட்டி முடித்தது 1925இல். வரைந்தவர் டெனிஸ் சான்ட்ரி. நார்த் பிரிட்ஜ் சாலையில் தங்கநிறக் குவிமாடத்தோடு நிற்கும் சுல்தான் பள்ளிவாசலும் அவர் கைவேலைதான்! ஆனால் சபை கட்டடத்தைவிட மூத்தது. 1889இல் பெஞ்சமின் வெஸ்ட் என்ற மருத்துவர் ஒரு கடைவீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே தொடங்கியது.

அதே தெருவில் வடக்கே நடந்தால் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் அல் அப்ரார் பள்ளிவாசல், ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், அதையடுத்து நாகூர் தர்கா. ஆம், நம் நாகூர் ஆண்டவர் பெயரால் 1830 வாக்கில் எழுந்தது. கடல் கடந்து வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொன்ன இடங்கள் இவை.

பின்தெரு அமோய் ஸ்ட்ரீட். அங்கேதான் ஒரு கடைவீட்டில் 1886 மார்ச் முதல் தேதி பதின்மூன்று மாணவர்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் ஓல்டம். அமெரிக்காவிலிருந்து நேராக வந்திறங்கிய துரை என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் பிறந்து, அரசாங்க சர்வேயராக வேலை பார்த்தவர். சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாஸ்டர் அந்த இடத்தில் கொஞ்சம் பெருமையாகவே நின்றார்.

சிங்கப்பூர் ஆற்றைத் தாண்டினால் வெள்ளை வெளேரென்று விக்டோரியா நாடக அரங்கம். அது டவுன் ஹாலாக இருந்தபோது, 1885 பிப்ரவரியில், ஓல்டமும் மிஷனரி ஜேம்ஸ் தோபர்னும் மெதடிஸ்ட் சபையின் முதல் கூட்டத்தை நடத்தினார்கள். மறு ஆண்டே கோல்மன் தெருவில் சொந்த ஆலயம். அதுவும் போதாமல் 1909இல் கேனிங் குன்றின் அடிவாரத்தில் செங்கல்லில் எழுந்தது வெஸ்லி ஆலயம். இங்கே ஆங்கில ஆராதனை. கட்டடம் கம்பீரம்தான். ஆனாலும் என் மனம் அடுத்த இரண்டு இடங்களில்தான் தங்கியது.

மிடில் சாலையில் ஒரு சின்னக் கட்டடம், கூர்மாட வளைவு ஜன்னல்களோடு. மலாய் பேசும் பெரனாக்கான் சீனர்கள் 1890களிலிருந்து 1929 வரை இங்கே மலாயில் ஆராதனை நடத்தினார்கள். அவர்கள் கம்போங் கப்போருக்கு இடம் மாறிய பிறகு, பின்னாளில் இது கார் பழுதுபார்க்கும் பட்டறையாகக்கூட இருந்தது. இன்று புகைப்பட, திரைப்பட மையம். உள்ளே கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பாஸ்டர் படங்களைப் பார்க்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிட நடையில் ஷார்ட் ஸ்ட்ரீட். இங்கேதான் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம். 1887இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் இந்தத் தெருவில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளோடு தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். இன்று சிங்கப்பூரில் பேர்போன மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிக்கு அதுதான் வேர். மலாய் ஆராதனைக்காரர்களைக் கூட்டியதிலும் அதே அம்மையாருக்குப் பங்கு உண்டு. வீடு வீடாக ஏறி இறங்கியவர்.

வாசலில் நின்று பாஸ்டரைக் கேட்டேன்: "ஒரே சபை, இவ்வளவு பக்கத்தில், மொழிக்கு ஓர் ஆலயம். ஒன்றாய் உட்கார்ந்தால் என்ன?" நிர்வாகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘மாநாடு’ என்ற ஒரு பிரிவு, சீனத்துக்கு ஒன்று, தமிழுக்கு இம்மானுவேல் என்ற பெயரில் ஒன்று.

"சாவு வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார், எந்த மொழியில ஜெபம் பண்ணச் சொல்றாங்கன்னு" என்றார்.

"பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்குப் போய்விடுகிறார்களே?"

"அதுதான் கவலை" என்று சொல்லி நடக்கத் தொடங்கினார். எனக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை. ஆனால் காரில் வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒவ்வோர் ஆலயமும் ஒவ்வொரு பேட்டை என்று நினைத்திருப்பேன். நடந்தால்தான் தெரிகிறது, ஒன்றின் மணிச் சத்தம் ஏறக்குறைய அடுத்ததற்குக் கேட்கும் தூரம்.

பிறகு தேக்கா வட்டாரம். பூக்கடை, நகைக்கடை, அஞ்சடி நடைபாதை முழுக்கக் காய்கறிக் கூடை. அதைக் கடந்தால் கம்போங் கப்போர், நம்மவர் வாயில் சுண்ணாம்புக் கம்பம். மிடில் சாலையை விட்டுவந்த பெரனாக்கான்கள் கட்டிய ஆலயம் இங்கே இருக்கிறது. சிராங்கூன் சாலையைத் தாண்டி ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனால் ஃபூச்சோ சீனர்களின் ஆலயம். 1897இல் லூரிங் என்ற ஜெர்மானிய மிஷனரி தொடங்கிவைத்த சபை. பல மொழி பேசுவாராம் அந்த மனிதர்.

நீங்களும் நடப்பதானால் காலை எட்டு மணிக்குள் டெலோக் ஆயரில் இருங்கள். குடை கட்டாயம், வெயிலுக்கும் மழைக்கும். ஆராதனையையும் கேட்க வேண்டுமானால் ஞாயிறு போங்கள். ஆனால் ஒரே காலையில் எல்லா இடத்திலும் உட்கார முடியாது, இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழை இலையில் மீன்தலைக் கறி கிடைக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பாஸ்டர் சோறு இரண்டாம் முறை வாங்கினார்.