நாலு தொழில், ஒரே கடன்



ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் ஒருவரே நாலு தொழில் நடத்துவதைப் பார்க்கிறோம். தோட்டம், ஆட்டுக் கிடை, கட்டட காண்ட்ராக்ட், கரிமூட்டம். ஒன்று படுத்தால் இன்னொன்று தூக்கிவிடும் என்பது அவர் கணக்கு. மழை பொய்க்கும் பூமியில் அது கெட்டிக்காரத்தனமே!

நாலும் பின்னிக் கிடப்பதைப் பாருங்கள். சீமைக் கருவேல நெற்றை ஆடு தின்கிறது. விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து தரிசெங்கும் முளைக்கிறது. அந்த மரத்தை வெட்டி மூட்டம் போடுகிறோம். தூர் எடுத்த நிலம் தோட்டமாகிறது. கிடைப் புழுக்கை அதற்கு எரு. மிஞ்சிய விறகு செங்கல் சூளைக்கு. எதுவும் வீணில்லை. வீணாவது ஒன்றே ஒன்று: நமது உழைப்பு நாள்!

எப்படி? மூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விறகை அடுக்கி, தழை போர்த்தி, ஈர மண் பூசி நெருப்பு வைக்கிறோம். பிறகு பல நாள் காவல். முதலில் வெள்ளைப் புகை, ஈரம் போகிறது. புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது. இடையில் மண் பிளந்து காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். ஆகவே ராத்திரி தூக்கம் கிடையாது. நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரிதான் தேறும். கூலியை மூட்டைக் கணக்கில் மட்டும் பேசினால், கண் விழித்த ராத்திரிக்குக் கூலி எங்கே? ஆலையில் ராத்திரி ஷிப்டுக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு. மூட்டத்தில் அதற்குப் பெயரே இல்லை!

மழை வந்தால் மூட்டம் நிற்கும், தோட்டத்துக்குப் போகிறோம். அறுவடை முடிந்தால் கிடைக் காவல். பிறகு சித்தாள் வேலை. வேலை மாறும், கூலி மாறும்; மூட்டத்தில் வாங்கிய முன்பணம் மட்டும் மாறாமல் பின்னாலேயே வரும். அவருக்கு நாலு தொழிலும் நாலு தூண். நமக்கோ நாலு இடத்திலும் ஒரே கடன்.

1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்வதென்ன? கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது குற்றம். அந்தக் கடனே செல்லாது. கரிமூட்டங்களிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

பல தொழில் நடத்துவது முதலாளிக்கு மட்டும் தெரிந்த வித்தையா? 1925-ல் மலபாரில், வடகரைக்கு அருகே, ஊராளுங்கல் தொழிலாளர்கள் தாங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் காண்ட்ராக்ட் எடுத்தார்கள். சாலை, பாலம், கட்டடம் என்று வளர்ந்து, கைவினைக் கிராமம், கணினித் தொழில் வரை போயிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகுமுன் நம்மால் ஆவது என்ன? நாலு வேலைக்கும் ஒரே நோட்டு. எந்த நாள், என்ன வேலை, பேசிய கூலி, வாங்கிய முன்பணம், கழித்த தொகை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதிவைப்போம். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவோம். காவல் ராத்திரிக்கும் கூலி கேட்போம். எல்லோரும் சேர்ந்து கேட்போம். மூட்டத்தில் நெருப்பு வைக்கும் முன்பே கேட்போம்!