கட்டடமா ஆபரேஷன் பண்ணும்?

நடுவர் அவர்களே! "பணம் ஒதுக்கி, ஊருக்கு ஊர் கருத்தடை மையம் கட்டினா தெருநாய்த் தொல்லை தீர்ந்துடும்"னு எதிரணி அண்ணன் அடிச்சுப் பேசினாரு. அண்ணே, கட்டடமா ஆபரேஷன் பண்ணும்?

நான் ஜவ்வாது மலை அடிவாரத்துக் கலசப்பாக்கத்துக்காரி. எங்க பக்கம் கால்நடை டாக்டர்னா மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குத் தடுப்பூசி. அதில் கெட்டிக்காரங்க. ஐந்தரை வருஷப் படிப்பில் நாய் அறுவையும் பாடம்தான். பத்துப் பேர் சுத்தி நிக்க ஒருத்தர் கத்தி பிடிச்சா, மத்த ஒன்பது பேருக்குக் கை பழகுமா?

கடுவன் நாய்க்குச் சுலபம். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். சின்னத் துளை வழியாகச் சினைப்பையை வெளியே இழுத்து, ரத்தக் குழாயை இறுக்கிக் கட்டி, பிறகு வெட்ட வேண்டும். முடிச்சு நழுவினால் ரத்தம் உள்ளேயே கொட்டும். வெளியே ஒரு சொட்டுத் தெரியாது.

எங்க தெருவில் ஒரு முகாமுக்குப் பிடிச்சுட்டுப் போன பெட்டை, திரும்பி வந்த மூணாம் நாள் தையல் பிரிஞ்சு செத்துப்போச்சு. அடுத்த தடவை வண்டி வந்தப்போ என்ன ஆச்சு தெரியுமா? "இந்த நாய் ஒழியாதா"ன்னு திட்டின பாட்டியே அதைக் கோழிக்கூண்டுக்குள்ள ஒளிச்சு வச்சாங்க! வெறிநாய்த் தடுப்பூசியும் அந்த வண்டியிலதான் வந்தது, நடுவர் அவர்களே. அதுவும் போச்சு. அந்தத் தெருவிலதான் எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது.

சென்னையில் புளூ கிராஸ் 1964லேயே நாய்க் கருத்தடையை ஆரம்பித்தது. மாநகராட்சியோ மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. நாய் குறைந்ததா? காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் குடிவந்தது. 1996இல்தான் மாநகராட்சியும் கருத்தடை வழிக்கு வந்தது.

ஊட்டிக்குப் பக்கத்தில் வேர்ல்ட்வைடு வெட்டர்னரி சர்வீஸ் என்ற அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. படித்து முடித்த டாக்டர்களே அங்கே மறுபடி மாணவர்கள். மயக்க மருந்து அளவு, கருவிச் சுத்தம், முடிச்சு, வலி மருந்து எல்லாவற்றையும் அனுபவசாலி பக்கத்தில் நிற்க, தங்கள் கையாலேயே செய்து பழகுகிறார்கள்.

அண்ணன் ஒரு திட்டத்தைப் பட்டியல் போட்டு வாசிச்சாரே, கூண்டு, வேன், கட்டடம், பெயிண்ட்டுன்னு... அதில் டாக்டர் பயிற்சிக்கு எத்தனை ரூபாய்? வாசிக்கச் சொல்லுங்க, நான் உட்கார்ந்துடறேன்.