ஏடும் ஸ்பானரும் சேரட்டும்

(ஓசூரில் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இஞ்ஜினீயருக்குப் படிக்கும் பிள்ளை நான்கு வருஷம் படிக்கிறான். மோட்டாரின் படத்தை அழகாக வரைகிறான். கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் திகைக்கிறான். குற்றம் அவனுடையதல்ல, ஏட்டையும் வேலையையும் பிரித்து வைத்த கல்வி முறையினுடையது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் 'புனர்ஜனி' என்ற பெயரில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் முகாம் போட்டார்கள். மூலையில் குவிந்து கிடந்த கட்டில், டிராலி, சக்கர நாற்காலிகளைப் பழுது பார்த்து நோயாளிகளுக்குத் திருப்பித் தந்தார்கள். 2018 ஆகஸ்டு பெருவெள்ளம் வடிந்ததும் ஐ.டி.ஐ. மாணவர்கள் வீடு வீடாகப் போய் மின்சார வயரிங்கையும் குழாய்களையும் சீராக்கினார்கள். ஏழையின் கஷ்டம் தீர்ந்தது. மாணவனின் கையும் பழகியது.

நம் ஜில்லாவில் வேலை இல்லையா? கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்களின் ஆழ்குழாய் நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கலந்திருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. குழந்தைகளின் பல்லில் கறை படிகிறது. பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடுகின்றன. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் துவக்கப்பட்டது. காவிரி நீர் வராத நாளில் ஜனங்கள் எதைக் குடிப்பார்கள்? ஆழ்குழாய் நீரைத்தான்!

பர்கூரில் 1994 முதல் சர்க்கார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களும், ஓசூர் வட்டாரக் கல்லூரி மாணவர்களும் ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதிக்கட்டும். ஆபத்தான குழாய்க்குச் சிவப்பு அடையாளம் இடட்டும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் 'நல்கொண்டா' முறையை நாகபுரி விஞ்ஞானிகள் வகுத்துத் தந்திருக்கிறார்கள். அதைச் செய்து பழகட்டும். பம்ப் கழற்றவும் வெல்டிங் வைக்கவும் நம் தொழிலாளித் தோழர்களே வாத்தியாராக இருப்பார்கள்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'பயிற்சி' என்று பெயர் சூட்டி, சொற்பப் படிக்கு முழு வேலை வாங்கும் முதலாளிகளை நாம் அறிவோம். 'சேவை' என்ற பெயரிலும் அது நடக்கக் கூடாது. ஆகவே நாம் கோருவது:

ஒன்று: இந்த வேலைக்குப் பரீட்சையில் மார்க்கு உண்டு. இரண்டு: பஸ் செலவும் சாமான் செலவும் சர்க்காருடையது. மூன்று: மாணவன் வந்தான் என்று ஒரு பிட்டர், ஒரு குழாய் ஆபரேட்டர் பதவியைக்கூடக் குறைக்கக் கூடாது.

கிராமசபைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சங்கங்களில் விவாதியுங்கள். மாணவர்களைச் சந்தியுங்கள். உழைப்பவன் வரிப்பணத்தில் வளர்ந்த படிப்பு, உழைப்பவன் வீட்டு வாசலுக்கு வரட்டும்!