பிளிட்ஸ் செஸ்ஸில் வேகம் எங்கே இருக்கிறது?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற நம் அங்கத்தினர்கள் பலர் கம்ப்யூட்டரில் பிளிட்ஸ் செஸ் ஆடுகிறார்கள். ஆளுக்கு 3 அல்லது 5 நிமிஷம்தான். "வயசாகிவிட்டது, கை ஓடவில்லை" என்று குறைப்பட்டுக் கொள்கிறார்கள். குறை கையில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1973-ல் சேஸ், சைமன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவில் வரும் நிலையை 5 விநாடி மட்டும் காட்டினார்கள். கைதேர்ந்தவர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து அடுக்கினார், கற்றுக்குட்டியால் முடியவில்லை. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோதோ இருவரும் ஏறத்தாழ ஒன்றுதான்! ஆக, வேகம் என்பது பழகிய அமைப்பைக் கண்டதும் அடையாளம் தெரிவது. அதை எந்த வயதிலும் சேர்க்கலாம்.

எப்படி? முதலாவது, தினமும் 20 நிமிஷம் புதிர்கள் போடுங்கள். லிசெஸ் தளத்தில் இலவசம். குதிரையின் இரட்டைத் தாக்குதல், கடைசி வரிசை மேட் இவை கண்ணில் பதியட்டும்.

இரண்டாவது, 3 நிமிஷமும், நகர்த்தலுக்கு 2 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டமே ஆடுங்கள். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் இதே கணக்குத்தான். ஜெயிக்கும் நிலையில் கடிகாரத்தால் தோற்பது குறையும்.

மூன்றாவது, தோற்ற ஆட்டத்தில் முதல் காய் எங்கே வீணாகப் போயிற்று என்று பாருங்கள்.

கடைசியாக, தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் எழுந்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பழிதீர்க்க உட்கார்ந்தால் ரேட்டிங்கும் போகும், தூக்கமும் போகும்.

நிதானமாகக் கற்றதுதான் அவசரத்தில் கைகொடுக்கும்.