மூன்றே ஆண்டு நடந்த போட்டி



ஐதராபாத்தில் நடந்த மகளிர் டென்னிஸ் போட்டிக்கு ஆயுள் மூன்றே ஆண்டு. 2003இல் தொடங்கி 2005இல் முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தியப் பெண்கள் டென்னிஸ் அதற்குப் பட்ட கடன் பெரியது.

நம் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனை நினைத்துப் பாருங்கள். 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையர் பிரதான சுற்றில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிச்சினியை வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாமில் முத்திரை பதித்த நவீனகால இந்தியப் பெண்களில் முன்னோடி அவர். ஆனால் அவருடைய தலைமுறைக்கு, தரவரிசையில் மேலே போக வேண்டுமென்றால் நாடு நாடாகச் சுற்றியே தீர வேண்டும். பயணச் செலவு, தங்கும் செலவு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

ஐதராபாத் போட்டி இந்தக் கணக்கை மாற்றியது. போட்டி நடத்துகிறவர்கள், தரவரிசை போதாத சிலருக்கும் நேரடியாக இடம் கொடுக்கலாம். வைல்டு கார்டு என்பது அதுதான். 2003இல் பதினாறு வயது சானியா மிர்சாவுக்குச் சொந்த ஊரிலேயே அது கிடைத்தது. முதல் சுற்றிலேயே தோற்றார். 2004இல் லீசல் ஹூபரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். 2005 இறுதி ஆட்டத்தில் உக்ரைனின் அல்யோனா பொன்டாரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று வென்று, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இரண்டாவது செட்டைக் கைவிட்ட பிறகும் மூன்றாவதில் எழுந்து நின்ற அந்த உறுதிக்கு, அந்தப் போட்டி தந்த மூன்றாண்டு அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

அதன்பிறகு போட்டி பெங்களூருவுக்குப் போனது. 2008இல் செரீனா வில்லியம்ஸ் அங்கே பட்டம் வென்றார்; அத்தோடு அதுவும் நின்றது. பரிசுப் பணம் பெரிது. விளம்பரதாரர் விலகினால் போட்டி நின்றுவிடும். 2022இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் மகளிர் போட்டி வந்தது. செக் நாட்டின் பதினேழு வயது லின்டா புருவிர்தோவா வென்றார். மறு ஆண்டே அது தொடரவில்லை. 2025இல்தான் திரும்பி வந்தது.

இப்படி விட்டு விட்டு நடத்துவது நம் பிள்ளைகளுக்கு நல்லதல்ல. கோவையில் பிறந்த மாயா ராஜேஷ்வரன், 2025 பிப்ரவரியில் மும்பைப் போட்டியின் தகுதிச் சுற்றில் இருந்து ஏறி அரையிறுதிவரை போனார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. உள்நாட்டில் ஒரு வாசல் திறந்திருந்ததால்தான் அவர் திறமை அவ்வளவு சீக்கிரம் வெளியே தெரிந்தது.

பட்டம் வென்ற வெளிநாட்டு நட்சத்திரத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு போட்டியை எடை போடாதீர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது களம் கொடுத்தது என்று பாருங்கள். மில்லும் பவுண்டரியும் வளர்த்த கொங்கு மண்ணில் பண உதவி செய்ய மனமுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு பெரிய விழாவுக்குக் கொடுப்பதைவிட, கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பெண்களுக்கான சிறிய தரவரிசைப் போட்டிகள் ஆண்டு தவறாமல் நடக்க உதவுங்கள். ஐதராபாத் மூன்றே ஆண்டில் ஒரு சானியாவை ஆளாக்கியது. விடாமல் நடத்தினால் நம்மால் இன்னும் பலரை ஆளாக்க முடியும்.